உமே காய், கற்கண்டு, ஒரு கண்ணாடி ஜாடி

நான் வசிக்கும் சைதாமா மாகாணத்தில் மே மாதம் முடிவதற்குள் அங்காடிகளின் வாசலில் பச்சை உமே காய்கள் ஒரு கிலோ பைகளாக வந்து இறங்கிவிடும். அவற்றின் பக்கத்திலேயே கற்கண்டுப் பொட்டலங்களும், 1.8 லிட்டர் அட்டைப் பெட்டிகளில் அடைத்த நிறமற்ற மதுவும், சிவப்பு மூடியும் கைப்பிடியும் வைத்த நான்கு லிட்டர் கண்ணாடி ஜாடிகளும் அடுக்கப்பட்டிருக்கும். மாங்காய் வரத்து தொடங்கியதும் நம் வீடுகளில் ஊறுகாய்ப் பேச்சு எழுவதைப் போலவே, இங்கே பல வீடுகளில் ஜூன் மாதம் முழுவதும் உமேஷு, அதாவது உமே காயை மதுவில் ஊறவைத்துச் செய்யும் பழமது, போடும் பேச்சாகவே இருக்கும். 1697இல் அச்சான ஒரு ஜப்பானிய உணவு நூலிலேயே இதன் செய்முறை இருக்கிறது. அவ்வளவு பழைய வழக்கம் இது.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வசிக்கும் மூதாட்டியிடமிருந்துதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். ஆண்டுதோறும் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து காய் துடைத்துப் பழகிய பிறகு, என் வீட்டிலும் தனியாகப் போடத் தொடங்கினேன். இதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பழமது போடுவதென்பது பெரும்பாலும் தண்ணீரைக் கணக்கில் வைத்திருக்கும் வேலை. பழத்துக்குள் இருக்கும் தண்ணீர், பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர், ஜாடியில் தங்கிய தண்ணீர், மதுவிலேயே கலந்திருக்கும் தண்ணீர் ஆகிய நான்கையும் கவனித்துக்கொண்டால் மற்றவற்றை ஆல்கஹாலும் காலமும் பார்த்துக்கொள்ளும்.

உமே என்பது பாதாமி இனத்துக்கு நெருங்கிய ஒரு மரத்தின் காய். பச்சையாகக் கடித்துத் தின்னக்கூடியதல்ல. அதன் புளிப்பு அப்படிப்பட்டது. ஜப்பானில் விளையும் உமேயில் பாதிக்கும் மேல் வகயாமா மாகாணத்திலிருந்து வருகிறது. அங்குள்ள மினாபே, தனாபே பகுதிகளின் உமே வேளாண்மையை ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2015இல் உலக வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. சதைப்பற்று மிகுந்த, தோல் மெலிந்த நான்கோ என்ற ரகம் அந்த மண்ணுக்கு உரியது. குன்மா மாகாணத்தில் ஷிராகாகா என்ற ரகம் மிகுதி. அது சற்று இறுக்கமான காய், பச்சையாக இருக்கும்போதே ஊறவைக்க ஏற்றது. எங்களுக்கு அருகில் ஒகோசே என்ற ஊரில் புகழ்பெற்ற உமே தோப்பு ஒன்று உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூப் பார்க்கப் போகும் கூட்டம் ஜூனில் இருக்காது. ஆனால் காய் வாங்க விரும்புகிறவர் போக வேண்டிய காலம் ஜூன்தான்.

செய்முறைக்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் மது தயாரிக்க உரிமம் வேண்டும்; மதுவில் வேறொரு பொருளைக் கலப்பதையும் சட்டம் தயாரிப்பாகவே பார்க்கிறது. 1962இல்தான் வீட்டில் தாமே குடிப்பதற்காகப் பழமது ஊறவைப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வரி கட்டி விற்கப்பட்ட மதுவாக இருக்க வேண்டும்; அதன் ஆல்கஹால் அளவு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; அரிசி, கோதுமை, சோளம் போன்ற தானியங்களையும், கோஜி என்னும் பூஞ்சைப் பொருளையும், திராட்சையையும் சேர்க்கக் கூடாது; கலந்த பிறகு புதிதாக நொதித்து ஆல்கஹால் ஒரு சதவீதம்கூட ஏறக் கூடாது; விற்கவும் கூடாது. காட்டுத் திராட்சைக்கும் இதே தடைதான். சமையலுக்குப் பயன்படும் இனிப்பு மதுவான மிரினில் ஆல்கஹால் 14 சதவீதம் அளவே இருப்பதால் அதில் உமே ஊறவைப்பது சட்டப்படி குற்றம். சுவைக்காக அப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு; கூடாது. தங்கும் விடுதிகளும் உணவகங்களும் தாங்கள் ஊறவைத்ததைத் தம் இடத்திலேயே விருந்தினருக்குப் பரிமாறுவதற்கு 2008இல் தனி விலக்கு வந்தது, அதற்கும் முன்கூட்டி அறிவிக்கும் கடமை உண்டு.

இந்த நிபந்தனைகளை வெறும் வரி வசூல் ஏற்பாடு என்று நான் நினைப்பதில்லை. ஊறவைத்தல் வேறு, நொதித்தல் வேறு. திராட்சைத் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருக்கிறது, உள்ளே சர்க்கரை இருக்கிறது. மது நீர்த்துப்போனால் அது தானாக நொதிக்கும். ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான ஈஸ்டுகளும் நுண்ணுயிர்களும் வேலை செய்ய முடியாது. எனவே சட்டம் போட்ட கோடும், பழமது கெடாமல் இருப்பதற்கான கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுகின்றன. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடை செய்கிறது, மதுவைக் கலந்து வேறு வகையாக்குவதும் தயாரிப்பு என்ற சொல்லுக்குள் வருகிறது. நான் எழுதுவது ஜப்பானில் வாழும் அனுபவம். தாம் வாழும் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் எவரும் இதில் இறங்க வேண்டாம்.

இனித் தண்ணீர்க் கணக்கு. வழக்கமான அளவு ஒரு கிலோ உமே, 1.8 லிட்டர் மது, 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை கற்கண்டு. மதுவின் வலு 35 சதவீதம் என்றால் அதில் உள்ள தூய ஆல்கஹால் 630 மி.லி. ஒரு கிலோ உமேயில் கொட்டையைக் கழித்தால் சதைக்குள் ஏறத்தாழ 750 மி.லி. தண்ணீர் இருக்கும்; அது மெல்ல மெல்ல மதுவோடு கலந்துவிடும். 600 கிராம் கற்கண்டு கரைந்தால் அதுவும் 350 மி.லி.க்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். மொத்தம் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதில் 630 மி.லி. ஆல்கஹால் என்றால் முடிவில் கிடைப்பது 21 அல்லது 22 சதவீதம். இதே கணக்கை 25 சதவீத மதுவில் போட்டால் முடிவு 16 சதவீதத்தைக்கூடத் தொடாது. அங்காடியில் 25 சதவீதப் பெட்டியும் 35 சதவீதப் பெட்டியும் ஒரே அளவில், ஒரே மாதிரி அட்டையில் அருகருகே நிற்கும். விலை குறைந்த பெட்டி பெரும்பாலும் 25ஆகத்தான் இருக்கும். கையில் எடுத்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சட்டப்படி 25 சதவீதமும் செல்லும் என்றாலும், முதன்முதலாகப் போடுகிறவருக்கு 35ஐத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

35 சதவீத மது என்று இங்கே கிடைப்பது பெரும்பாலும் தொடர் வடிகலத்தில் காய்ச்சிய ஷோச்சு என்னும் ஜப்பானிய வடிமது. தனக்கென்று மணமோ சுவையோ ஏதும் இல்லாதது. அதுவே அதன் சிறப்பு. பிராந்தியில் ஊறவைத்தால் மணம் கனமாகவும் நிறம் ஆழமாகவும் வரும். பழமதுவுக்கென்றே 35 சதவீத வலுவில் பிராந்தி விற்கிறார்கள். வோட்கா 40 சதவீதம் என்பதால் கவலையே இல்லை. ஆனால் உமேயின் மணம் எது, மதுவின் மணம் எது என்று நாக்கு பிரித்தறியும் வரையில் மணமற்ற மதுவில் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

காய் தேர்வில் மூன்று நிலைகள் உண்டு: பச்சைக் காய், செங்காய், மஞ்சளாகப் பழுத்த கனி. பச்சைக் காயில் போட்டால் புளிப்பு கூர்மையாகவும் மது தெளிவாகவும் இருக்கும். நன்றாகப் பழுத்த நான்கோ கனியில் போட்டால் பீச் பழத்தின் மணம் வரும், ஆனால் சதை கரைந்து மது கலங்கலாகும். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் இடைப்பட்ட செங்காய், பச்சை வெளிறி ஒரு பக்கம் மஞ்சள் ஏறத் தொடங்கிய பருவம். எந்தப் பருவமானாலும் அடிபட்ட காய், தோல் வெடித்த காய், கறுப்புப் புள்ளி ஆழமாக இறங்கிய காய் ஜாடிக்குள் போகக் கூடாது. அவற்றை ஒதுக்கி வைத்து, கொட்டை நீக்கிச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் நல்ல ஜாம் கிடைக்கும்.

பச்சைக் காயைக் கழுவிய பிறகு இரண்டு முதல் நான்கு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். கடுப்பு குறையும் என்பார்கள். மஞ்சள் ஏறிய காயை அப்படி ஊறவிட்டால் தோல் பழுப்பாகிவிடும், கழுவினால் போதும். இதற்குப் பிறகு வரும் வேலையில்தான் பொறுமை வேண்டும். சல்லடைத் தட்டில் வடித்த காய்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு காம்பு இருந்த குழியில் ஒரு சிறு பழுப்பு மூடி ஒட்டியிருக்கும். மூங்கில் குச்சியின் முனையை அதன் விளிம்பில் மெல்லச் செருகி நெம்பினால் அது சின்னதொரு பொத்தானைப் போன்ற வடிவோடு முழுதாகத் தெறித்து வரும். அது போன இடத்தில் ஒரு துளி தண்ணீர் ஒளிந்திருக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அந்தத் துளி அப்படியேதான் இருக்கும். துணியின் முனையைத் திரித்து அந்தக் குழிக்குள் விட்டு ஒற்றி எடுத்தால்தான் போகும். “துடைத்தால் போதாது, காயவும் வேண்டும்” என்று சொல்லி அந்த மூதாட்டி எல்லாக் காய்களையும் செய்தித்தாள் மேல் விரித்த துணியில், குழி மேலே தெரிய அடுக்கி ஒரு மணி நேரம் காற்றாட விடுவார். நானும் அப்படியே செய்கிறேன். மழைக்காலமாதலால் காற்றிலேயே ஈரம் இருக்கும். மின்விசிறியை வைத்துவிடுவது நல்லது.

குச்சியால் நெம்பும்போது தோலைக் கிழித்துவிடக் கூடாது. மது வேகமாக உள்ளே போகட்டும் என்று காயெங்கும் குத்திவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் சாறு விரைவில் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் சதை உதிர்ந்து அடியில் கசடு சேரும். விரைவு வேண்டுமென்றால் காயை ஓரிரவு உறைபெட்டியில் வைத்து உறைந்த நிலையிலேயே ஜாடியில் போடலாம். உறையும்போது செல்சுவர்கள் உடைவதால் தோலைக் காயப்படுத்தாமலேயே சாறு இறங்கும்.

ஜாடியைச் சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சிவப்பு மூடி ஜாடிகள் பெரும்பாலும் வெப்பம் தாங்கும் கண்ணாடியால் ஆனவையல்ல. கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். சோப்பு போட்டுக் கழுவி, கவிழ்த்து, முழுவதும் உலரவிட்ட பிறகு, ஊறவைக்கப் போகும் அதே 35 சதவீத மதுவில் கொஞ்சம் உள்ளே ஊற்றி, ஜாடியைச் சாய்த்துச் சுழற்றி எல்லாப் பக்கமும் நனையச் செய்து கொட்டிவிட வேண்டும். மூடியின் உட்பக்கத்தையும், அதன் கீழே இருக்கும் உள்மூடியையும் அதே மதுவில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பழைய ஜாடியின் உள்மூடியில் போன ஆண்டின் இனிப்புப் பிசுக்கு ஒட்டியிருக்கும், அதைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர்.

பிறகு ஓர் அடுக்கு காய், ஓர் அடுக்கு கற்கண்டு என்று மாற்றி மாற்றி நிரப்பி, மதுவை ஊற்ற வேண்டும். பொடிச் சர்க்கரை போடாமல் கற்கண்டு போடுவதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் வெளியே இனிப்பு இல்லாததால் மது காயின் தோலைக் கடந்து உள்ளே போகிறது. கற்கண்டு வாரக்கணக்கில் மெல்லக் கரைந்து வெளியே இனிப்பு ஏற ஏற, ஊடுபரவல் திசை மாறி, உள்ளே போன மது காயின் மணத்தையும் புளிப்பையும் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. முதலிலேயே இனிப்பு முழுவதும் கரைந்துவிட்டால் மது உள்ளே புகுவதற்கு முன்பே காய் தன் தண்ணீரை இழந்து சுருங்கிவிடும். சுருங்கிய காய் அதற்கு மேல் கொடுப்பது குறைவு. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் பெரிய கட்டிக் கற்கண்டும் இதே தன்மையுடையதுதான். அளவைப் பொறுத்தவரை ஒரு கிலோ காய்க்கு ஒரு கிலோ கற்கண்டு என்பது பழைய கணக்கு. எனக்கு அது திகட்டுகிறது. 600 கிராம் போதும். இந்த வலுவில் கெடாமல் காப்பது ஆல்கஹால்தான் என்பதால் இனிப்பைக் குறைப்பதால் ஆபத்தில்லை. குடிக்கும்போது இனிப்பைக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்க வழியில்லை.

முதல் சில நாள்களில் ஜாடியை வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தால், கற்கண்டின் ஓரங்களிலிருந்து கானல் அலை போன்ற நெளிகோடுகள் இறங்கி அடியில் படிவது தெரியும். கரைந்த இனிப்பு கனமாதலால் கீழேயே தேங்கும்; அடர்த்தி ஏற ஏறக் காய்கள் மேலே மிதக்கத் தொடங்கும். மிதக்கும் காயின் முதுகு மதுவுக்கு வெளியே காற்றில் படுகிறது. பூஞ்சை பிடிக்குமென்றால் அந்த முதுகில்தான் பிடிக்கும். எனவே கற்கண்டு கரையும் வரை ஓரிரு நாள்களுக்கு ஒருமுறை மூடியைத் திறக்காமல் ஜாடியை இரு கைகளாலும் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றிவிட வேண்டும். குலுக்கத் தேவையில்லை. எல்லாக் காயின் முதுகும் நனைந்தால் போதும்.

வெயில் படாத, அடுப்பு அருகில் இல்லாத இடத்தில் வைத்தால் போதும். குளிர்பெட்டியில் வைத்தால் சாறு இறங்குவது தாமதப்படும். ஜப்பானிய வீடுகளில் சமையலறைத் தரைக்கடியில் பொருள் வைக்கும் பள்ளம் ஒன்று இருக்கும், இதற்கு அதைவிட நல்ல இடமில்லை. மூன்று மாதத்தில் குடிக்கலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். குடிக்கலாம்தான். ஆனால் அப்போது மது தனியாகவும் புளிப்பு தனியாகவும் நாக்கில் படும். ஆறு மாதத்தில் அவை நெருங்கி வரும். ஓர் ஆண்டு ஆகும்போது வெளிர்மஞ்சள் நிறம் பொன்னிறமாகி மதுவின் காரம் அடங்கிவிடும். காயை எப்போது வெளியே எடுப்பது என்பதில் எனக்கும் அந்த மூதாட்டிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஓராண்டில் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் சதை கரைந்து கலங்கும், கொட்டையிலிருந்து கசப்பு இறங்கும் என்பது என் எண்ணம். அவரோ ஆண்டுக்கணக்கில் காயோடு விட்டுவைத்திருக்கிறார். அந்த லேசான கசப்பு இருந்தால்தான் உமேஷு என்கிறார். அவருடைய பழைய ஜாடியிலிருந்து குடித்துப் பார்த்தபோது அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆனாலும் முதல் ஜாடியை ஓராண்டில் எடுத்துவிடுவதே தொடக்கநிலையாளருக்குப் பாதுகாப்பான வழி.

கொட்டையைப் பற்றி அஞ்சுபவர்களுக்காக ஒரு விளக்கம். பச்சை உமேயிலும் அதன் கொட்டையிலும் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. அது சிதையும்போது சயனைடு சேர்ந்த பொருள்கள் உண்டாகும். பச்சைக் காயைத் தின்னக் கூடாது என்று சொல்வதற்கு அதுவே காரணம். ஊறும் காலத்தில் அது சிதைந்து குறைகிறது; அப்போது வெளிப்படும் பென்சால்டிஹைடுதான் உமேஷுவுக்கு அந்தப் பாதாம் மணத்தைத் தருகிறது. இதைக் காரணம் காட்டிக் கொட்டைகளை உடைத்துப் போடுவதும், பருப்பைத் தனியாக ஊறவைப்பதும் வேண்டாத வேலை. ஜப்பானின் வேளாண் அமைச்சகம் லோகாட் என்ற சிறிய மஞ்சள் பழத்தின் கொட்டைப் பொடியைப் பற்றி இதே காரணத்துக்காக எச்சரித்திருக்கிறது. லோகாட் பழத்தில் மது போடுகிறவர்களில் சிலர் கொட்டையை மட்டுமே கொண்டு மணம் கூட்டப் பார்ப்பதுண்டு. அதை நான் செய்வதில்லை.

உமே கைவந்த பிறகு மற்றப் பழங்களுக்குப் போகலாம். ஒவ்வொன்றிலும் மாறுவது பழத்தை வெளியே எடுக்கும் நேரம்தான். எலுமிச்சையிலும், யூசு என்னும் ஜப்பானிய எலுமிச்சை வகையிலும் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும். தோலை மெலிதாகச் சீவிப் போட்டு ஒரு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். ஸ்ட்ராபெர்ரி சில நாள்களிலேயே வெளுத்துத் துவண்டுவிடும், இரண்டு வாரத்துக்கு மேல் அதை உள்ளே வைத்திருப்பதில் பயனில்லை. இலையுதிர் காலத்தில் வரும் கரின் என்ற பழம் கல்லைப் போல இறுகியது. கனமான கத்தியால் வட்டமாக நறுக்கி ஊறவைத்து ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்து மிகுந்த தர்பூசணி, முலாம்பழம் போன்றவற்றை நான் ஒருபோதும் தொடுவதில்லை. அவை மதுவை நீர்க்கச் செய்யும் அளவுக்கு மணம் தருவதில்லை.

வீட்டில் சிறுவர்களும் மது அருந்தாதவர்களும் இருப்பதால் ஒரு ஜாடி பாகும் போடுகிறேன். உறையவைத்த உமே ஒரு கிலோ, கற்கண்டு ஒரு கிலோ, வேறெதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் சாறு முழுவதும் இறங்கிவிடும். தண்ணீரிலோ சோடாவிலோ கலந்து கொடுக்கலாம். ஆல்கஹாலின் காவல் இல்லாததால் இதில் கவனம் இருமடங்கு வேண்டும். நாள்தோறும் சுழற்ற வேண்டும், நுரை கட்டினால் காய்களை எடுத்துவிட்டு, கொதிக்க விடாமல் 80 டிகிரி அளவில் கால் மணி நேரம் சூடாக்கி, ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

உமேஷுவிலிருந்து எடுத்த காய்களில் மது நிறைந்திருக்கும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பார்ப்பதற்கு இனிப்புக் காய் மாதிரி இருப்பதால் சிறுவர்கள் கை நீட்டுவார்கள். வண்டி ஓட்டப் போகிறவர் ஒன்றைத் தின்றாலும் தவறு. ஜப்பானில் மது அருந்தும் வயது 20. உமேஷுவும் இனிப்பாக இருப்பதால் லேசானது என்று தோன்றும், ஆனால் அது பியரைப் போல நான்கு மடங்கு வலுவுள்ளது. பனிக்கட்டியோ, சோடாவோ, குளிர்காலத்தில் வெந்நீரோ தாராளமாகச் சேர்த்துச் சிறிய கோப்பையில் அருந்த வேண்டிய பானம்.

காயை எடுத்த பிறகு, கொதிநீரில் அலசி முற்றிலும் உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, உலர்ந்த பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடிவிட வேண்டும். பாட்டிலில் பாதி வெற்றிடம் இருந்தால் மணம் விரைவில் மங்கும். ஒட்டும் சீட்டில் நான் எழுதுவது ஐந்து விவரங்கள்: காயின் ரகமும் பருவமும், மதுவின் சதவீதம், கற்கண்டின் எடை, ஊற்றிய நாள், காயை எடுத்த நாள். அடுத்த ஜூனில் அங்காடியின் முன் நின்று எத்தனை கிராம் கற்கண்டு வாங்குவது என்று யோசிக்கும்போது, அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் முடிவெடுப்பது எளிது.